மறுசுழற்சிக் கழிவு, செயற்கைத் தோலை வியர்வை தாங்கவைக்குமா?

காலணிக் கடைகளின் அட்டைப்பெட்டிகளில் அண்மைக் காலமாக இரண்டு வாசகங்கள் அருகருகே அச்சிடப்படுகின்றன. ஒன்று, இந்தச் செயற்கைத் தோல் மறுசுழற்சி செய்த கழிவிலிருந்து உருவானது என்பது. மற்றொன்று, இது காற்றோட்டமானது, வியர்வையை வெளியேற்றக்கூடியது என்பது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு முதலாவதன் விளைவுதான் இரண்டாவது என்று தோன்றுவது இயல்பு. கள்ளக்குறிச்சியிலும் ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்திலும் தைவான் நிறுவனங்கள் தோல் அல்லாத காலணிகளுக்கான ஆலைகளை அறிவித்துள்ள நிலையில், தோலுக்குப் பெயர்பெற்ற தமிழ்நாடு செயற்கைப் பொருளை நோக்கி நகர்கிறதா, அந்தப் பொருள் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றதா என்ற கேள்விகளும் இத்துடன் சேர்ந்துகொள்கின்றன.

கழிவிலிருந்து வந்தது என்பதாலேயே எந்தப் பொருளும் வியர்வை தாங்குவதாகிவிடாது. எந்தக் கழிவு, அது எந்த அடுக்கில் சேர்கிறது, அதன் மேல் என்ன பூசப்படுகிறது என்பவையே விடையைத் தீர்மானிக்கின்றன. சென்னை போன்ற கடலோர நகரத்தில் இவற்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு: ஆவியைக் கடத்தும் திறனைவிட ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் திறனே இங்கே கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

செயற்கைத் தோலின் அடுக்குகள்

ஆட்டோ இருக்கையிலும் பழைய சோபாவிலும் நாம் ரெக்சின் என்று அழைக்கும் பொருள், பெரும்பாலும் நெய்த அல்லது பின்னிய துணியின் மேல் பி.வி.சி. பிளாஸ்டிக்கைப் பூசியது. அந்தப் பூச்சில் நுண்துளை இல்லை. ஆவி கடப்பது ஏறக்குறைய சுழி. மே மாத நண்பகலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சட்டையின் முதுகுப்புறம் நனைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

காலணிகளிலும் கைப்பைகளிலும் இன்று பரவலாக இருப்பது பாலியூரித்தேன், சுருக்கமாகப் பி.யூ. இதன் தரமான வகை, ஈரமுறை எனப்படும் செயல்முறையில் உருவாகிறது. பாலியூரித்தேனை டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானில் கரைத்துத் துணியில் பூசி, அத்துணியை நீர்த்தொட்டிக்குள் செலுத்துகிறார்கள். கரைப்பான் நீருக்குள் சென்றுவிட, நீர் அதன் இடத்துக்கு வர, பாலியூரித்தேன் திடமாகி உறையும்போது உள்ளே எண்ணற்ற நுண்குழிகள் உருவாகின்றன. தொட்டால் தோலைப் போன்ற மென்மை கிடைப்பது இக்குழிகளால்தான்.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. நிறத்துக்கும் பளபளப்புக்கும் தேய்மானத்தைத் தாங்குவதற்கும், அதன் மேல் இன்னொரு மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டப்படுகிறது. மைக்ரான் கணக்கில் அளக்கவேண்டிய அந்தப் படலம் துளையற்றதாக இருந்தால், கீழே எவ்வளவு குழிகள் இருந்தும் பயன் சிறிதே. ஆவி ஒவ்வொரு அடுக்காகக் கடக்க வேண்டியிருப்பதால் அடுக்குகளின் தடைகள் ஒன்றோடொன்று கூடுகின்றன. மொத்தத் தடையை நிர்ணயிப்பது அவற்றுள் மிக இறுக்கமான அடுக்கு. இதே விதி இயற்கைத் தோலுக்கும் பொருந்தும். கண்ணாடிபோல் மின்னும் பேடண்ட் லெதர் காலணி அசல் தோலாகவே இருந்தாலும், அதன் மேற்பூச்சு ஆவியை அடைத்துவிடும்.

மூன்றாவது வகை மைக்ரோஃபைபர். மிக நுண்ணிய செயற்கை இழைகளை நெய்யாமல் பின்னிப்பிணைத்து, இடையே பாலியூரித்தேனைச் செலுத்திச் செய்வது. இயற்கைத் தோலின் அமைப்புக்கு இது மிக நெருக்கமானது; விலையும் அதற்கேற்ப உயர்வு.

'சுவாசம்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று செயல்கள்

1. காற்றுக் கடத்தல். பொருளின் ஊடாகக் காற்றே போய்வருவது. வலைப்பின்னல் துணி கொண்ட ஓட்டக் காலணிகளில் நடப்பது இது. தோலில் இது மிகக் குறைவு.

2. நீராவிக் கடத்தல். உள்ளே ஆவி மிகுதியாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும்போது, நீர் மூலக்கூறுகள் பொருளைக் கடந்து வெளியேறுவது. இது இரு வழிகளில் நடக்கிறது. துளைகள் இருந்தால் அவற்றின் ஊடாக ஆவி நேராகச் செல்லும். துளை இல்லாவிட்டாலும், நீரை ஈர்க்கும் வேதிக்குழுக்கள் பொருளில் இருந்தால், மூலக்கூறுகள் ஒரு குழுவிலிருந்து அடுத்ததற்குத் தாவித்தாவி மறுபக்கத்தை அடையும்.

3. ஈரம் உறிஞ்சலும் விடுவித்தலும். ஆவி வெளியேறும் வேகத்தைவிட வியர்வை வேகமாகச் சுரக்கும்போது, மிஞ்சும் ஈரத்தைப் பொருள் தன் இழைகளுக்குள் வைத்துக்கொண்டு, காலணியைக் கழற்றிய பிறகு மெல்ல வெளியே விடுவது.

இயற்கைத் தோலின் சிறப்பு மூன்றாவதில் இருக்கிறது. தோல் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் இழைக்கற்றைகள் முப்பரிமாணத்தில் பின்னிக்கிடக்கும் வலை. கொலாஜனில் அமினோ, கார்பாக்சில், ஹைட்ராக்சில் குழுக்கள் நிறைய உள்ளன; அவை நீரை ஈர்ப்பவை. செயற்கைத் தோலின் அடித்துணியாக வரும் பாலியெஸ்டரோ, இயல்பான சூழலில் தன் எடையில் சுமார் 0.4 சதவீத ஈரத்தையே ஏற்கும். அதே சூழலில் பருத்தி சுமார் 8 சதவீதமும் கம்பளி சுமார் 16 சதவீதமும் ஏற்கின்றன. கொலாஜனும் கம்பளியைப் போன்று ஈரத்தை விரும்பும் புரதமே.

வசதி என்பது ஆவிக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1960களின் நடுவில் கார்ஃபாம் என்ற நுண்துளைச் செயற்கைத் தோலைப் பெரும் விளம்பரத்துடன் சந்தைக்குக் கொண்டுவந்தது. நுண்துளைகள் வழியே ஆவி கடக்கும் என்பதே அதன் பெருமை. ஆனால் தோல் காலணி சில நாள்களில் அணிபவரின் பாதத்துக்கேற்ப நெகிழ்ந்து படிவதுபோல் கார்ஃபாம் படியவில்லை. ஒவ்வொரு முறையும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பியது. 1971இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. ஆவிக் கடத்தல் ஒன்றையே காட்டி விற்க முயலும் எவரும் நினைவில் கொள்ளவேண்டிய வரலாறு இது.

சென்னையின் கணக்கு வேறு

ஆவி தானாக வெளியேறுவதில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவியழுத்த வேறுபாடு அதைத் தள்ளுகிறது. மூடிய காலணிக்குள் 34 டிகிரி வெப்பமும் 95 சதவீத ஈரப்பதமும் இருப்பதாகக் கொள்வோம். அங்கே ஆவியழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். வெளிச்சூழலை மாற்றிப் பார்த்தால் கிடைப்பவை இவை:

1. ஐரோப்பிய நகரமொன்றில் 15 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம்: வெளியழுத்தம் சுமார் 1 கிலோபாஸ்கல், வேறுபாடு சுமார் 4.

2. சென்னையின் குளிரூட்டிய அலுவலகத்தில் 24 டிகிரி, 55 சதவீதம்: வெளியழுத்தம் சுமார் 1.6, வேறுபாடு சுமார் 3.4.

3. சென்னைத் தெருவில் 32 டிகிரி, 75 சதவீதம்: வெளியழுத்தம் சுமார் 3.6, வேறுபாடு ஏறக்குறைய 1.5.

ஆக, ஒரே காலணி, ஒரே பொருள். ஆனால் நம் தெருவில் அதன் ஆவியை வெளியே தள்ளும் விசை ஐரோப்பாவில் உள்ளதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. வறண்ட ஊரில் மண்பானைத் தண்ணீர் குளிரும் அளவுக்குச் சென்னையில் குளிராததும் இதே காரணத்தால்தான். வியர்வை கூடுதலாகச் சுரக்கும் இடத்தில் வெளியேற்றம் குறைவாக நடக்கிறது என்பது இரட்டைச் சுமை. எனவே மூன்றாவது செயலான உறிஞ்சலே இங்கே துணைக்கு வர வேண்டும்.

பன்னாட்டுத் தரநிர்ணயமும் இதை ஒருவகையில் ஒப்புக்கொள்கிறது. பாதுகாப்புக் காலணிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 20345 தரத்தின்படி, காலணியின் மேற்பகுதி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மணிக்குக் குறைந்தது 0.8 மில்லிகிராம் ஆவியைக் கடத்த வேண்டும். அத்துடன் 'நீராவிக் குணகம்' குறைந்தது 15 ஆக இருக்க வேண்டும். இக்குணகம், எட்டு மணி நேரத்தில் கடத்தப்படும் ஆவியையும் உறிஞ்சப்படும் ஈரத்தையும் கூட்டிவரும் எண். குறைந்தபட்ச வேகத்தில் எட்டு மணி நேரத்துக்குக் கடந்து செல்வது 6.4 மில்லிகிராம் மட்டுமே, எஞ்சிய 8.6 உறிஞ்சலிலிருந்து வந்தாக வேண்டும். மேற்பகுதியின் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒரு வேலைநாளில் சுமார் 1.9 கிராம் வெளியேறுகிறது, சுமார் 2.6 கிராம் உள்ளேயே தங்குகிறது. கடைசி வரம்பில் நிற்கும் பொருளில், தாங்கும் வேலையின் பெரும்பகுதியை உறிஞ்சல்தான் செய்கிறது.

இந்தச் சோதனை 23 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் நடத்தப்படுகிறது. நம் ஊரில் அப்படியொரு நாள் கிடைப்பது அரிது.

எந்தக் கழிவு என்ன செய்யும்

தோல் பதனிடும் தொழிலின் கழிவுதான் இங்கே முதன்மையானது. பச்சைத் தோல் ஆயிரம் கிலோவில் முழுமையடைந்த தோலாக வெளிவருவது 200 முதல் 250 கிலோ வரைதான் என்பது தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எஞ்சியதில் ஒரு பகுதி, குரோமியம் ஏற்றிய நீலநிறத் தோலை ஒரே கனத்துக்குச் சீவும்போது விழும் ஷேவிங் துகள். இன்னொரு பகுதி, மேற்பரப்பைத் தேய்க்கும்போது பறக்கும் பஃபிங் தூசு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரக் காலணி ஆலைகளில் வெட்டியெடுத்தபின் மிஞ்சும் துண்டுகள் வேறு. இவை யாவும் அடிப்படையில் கொலாஜன். அதாவது செயற்கைத் தோலில் எது இல்லையோ, அது.

ஷேவிங் துகளைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, இழையாகவே பயன்படுத்துவது. துகளை நீரில் அடித்து இழைகளாகப் பிரித்து, ரப்பர் பால் போன்ற பிணைப்பானுடன் கலந்து, காகிதம் செய்வதுபோல் தகடாக வார்த்து அழுத்தினால் லெதர் போர்டு கிடைக்கிறது. இது புதுக் கண்டுபிடிப்பன்று. காலணியின் இன்சோல் எனப்படும் உள்ளடித் தகட்டிலும் குதிகால் விறைப்பிலும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் உட்படப் பல ஆய்வகங்கள், தோல் இழையோடு தாவர இழைகளையும் சேர்த்து நெகிழ்வான தகடுகள் செய்வதில் ஈடுபட்டிருக்கின்றன. செயற்கைத் தோலின் அடித்தளமாகப் பாலியெஸ்டர் துணிக்குப் பதில் இத்தகைய தகட்டையோ, தோல் இழை கலந்த நெய்யாத் துணியையோ வைத்தால், உறிஞ்சும் திறன் அடித்தளத்திலேயே வந்துவிடுகிறது. பாதத்தை ஒட்டியிருப்பதும் அந்தப் பக்கம்தான்.

இரண்டாவது, கரைத்துப் பயன்படுத்துவது. காரத்தாலோ நொதியாலோ துகளைச் சிதைத்தால் புரதம் கரைசலாகப் பிரிந்துவிடுகிறது. குரோமியம் பெரும்பாலும் கீழே படிகிறது. இந்தப் புரதக் கரைசலை நீரில் பரவும் வகைப் பாலியூரித்தேனுடன் கலந்து படலமாக்கினால், துளையற்ற படலத்துக்குள்ளேயே நீரை ஈர்க்கும் குழுக்கள் இடம்பெறுகின்றன. ஆவி தாவிச்செல்ல வழி உண்டாகிறது. மேற்படலம்தான் இறுக்கமான அடுக்கு என்று மேலே கண்டோம். அந்த அடுக்கையே திருத்தக்கூடியது என்பதால் இந்த வழிக்கு எதிர்காலம் அதிகம் என்று கருதுகிறேன். ஆனால் கலந்தால் மட்டும் போதாது. கரைத்த புரதம் நீரில் கரைவது. மூலக்கூறுகளை வேதியியலாகக் கோக்கும் குறுக்குப்பிணைப்பால் அதைப் பாலியூரித்தேனோடு கட்டிவைக்காவிட்டால், ஐப்பசி மழையில் ஓரிருமுறை நனைந்ததுமே கரைந்து போய்விடும்.

மற்றக் கழிவுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

பெட் பாட்டில்: உருக்கி இழையாக்கினால் கிடைப்பது பாலியெஸ்டர்தான். பாட்டிலிலிருந்து வந்தாலும் பெட்ரோலியத்திலிருந்து நேரே வந்தாலும் ஈரம் ஏற்கும் அளவு அதே 0.4 சதவீதம். இழையை மிக நுண்ணியதாகவோ பள்ளங்கள் உள்ளதாகவோ இழுத்தால், திரவ வியர்வையை அது பரப்பித் தரும். அந்த நன்மை இழையின் வடிவத்தால் வருவது, மறுசுழற்சியால் அன்று. 'இத்தனை பாட்டில்களிலிருந்து' என்னும் வாசகம் குப்பையைப் பற்றிய செய்தி. பாதத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

பருத்திக் கழிவு: ஈரமுறைப் பாலியூரித்தேனில் செல்லுலோஸ் பொடியைக் கலப்பது தொழிலில் ஏற்கெனவே உள்ள பழக்கம். பொடி நுண்குழிகளைத் திறந்துவிடவும் ஈரத்தை ஏற்கவும் உதவுகிறது. திருப்பூரின் பனியன் வேஸ்ட், பட்டறைகளில் எண்ணெய் துடைக்கவும் மட்டமான நூல் நூற்கவும் போவதுபோக, இதற்கும் மூலப்பொருளாகலாம். நீண்டு சுருங்கும் எலாஸ்டேன் இழையும் சாயமும் கலக்காத துண்டுகளைப் பிரித்தெடுப்பதுதான் கடினம்.

தாவரக் கழிவு: அன்னாசி இலை நாரில் செய்யும் பின்யாடெக்ஸ் உலகச் சந்தையில் பெயர்பெற்றது, வாழை நாரும் இத்தகைய முயற்சிகளில் இடம்பெறுகிறது. நார் ஈரம் ஏற்கும் என்பது உண்மை. ஆனால் தேய்மானத்துக்காக அதன் மேலும் பிளாஸ்டிக் பூச்சு வருகிறது. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகர ஆய்வு நிறுவனமான எஃப்.ஐ.எல்.கே. 2021இல் வெளியிட்ட ஒப்பீட்டில், சோதிக்கப்பட்ட மாற்றுப்பொருள்களில் எதுவும் தோலின் எல்லாப் பண்புகளையும் ஒருங்கே எட்டவில்லை.

டயர் ரப்பர் தூள் அடிப்பாகத்துக்கு மட்டுமே ஏற்றது.

கூடவே வரும் சிக்கல்கள்

உறிஞ்சலைக் கூட்டுவது வேறெதையும் பாதிக்காமல் நடப்பதில்லை. முதல் பாதிப்பு வலிமை. பாலியூரித்தேனுக்குள் துகள் கூடக்கூட, மடிப்பில் வெடிக்கும் வாய்ப்பும் கிழியும் வாய்ப்பும் கூடும். ஆயிரக்கணக்கான முறை மடங்கும் காலணி மேற்பகுதியில் இது சிறு குறையன்று. கைப்பையிலோ நாற்காலி முதுகிலோ சமாளிக்கலாம்.

இரண்டாவது, சென்னைவாசிகள் நன்கறிந்த ஒன்று: அலமாரியில் வைத்திருந்த கைப்பையின் மேற்பூச்சு செதில்செதிலாக உரிவது, பயன்படுத்தாத காலணியின் அடிப்பாகம் கையோடு பொடிந்து வருவது. நீரும் வெப்பமும் சேர்ந்து பாலியூரித்தேனின் எஸ்டர் பிணைப்புகளை அறுப்பதால் நிகழும் நீராற்பகுப்பு இது. மலிவான பாலியூரித்தேன் பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை. அதற்குள் ஈரம் தேக்கும் துகளையும் வைத்தால், எதிரியை வீட்டுக்குள் குடியமர்த்தியதாகும். பாலியீத்தர் அல்லது பாலிகார்பனேட் வகைப் பாலியூரித்தேன் நீராற்பகுப்பை வெகுவாகத் தாங்கும், விலை கூடும். கழிவைச் சேர்ப்பதால் மிச்சமாகும் தொகை, தரமான பிணைப்பானுக்கே செலவாகிவிடக்கூடும் என்பதை ஆலைக் கணக்குகள் மறைக்கக் கூடாது.

மூன்றாவது குரோமியம். பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம், நஞ்சு குறைந்தது. வெப்பம், ஒளி, காரத்தன்மை ஆகியவை கூடும் சூழலில் அதில் ஒரு சிறு பங்கு, புற்றுநோய் உண்டாக்கவல்ல ஆறிணைதிறன் குரோமியமாக மாறலாம். உடலின் தோலைத் தொடும் தோல்பொருள்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல் நடைமுறையில் உள்ளது. கழிவுத் துகளையும் அதே கண்டிப்புடன் சோதிக்க வேண்டும். நுண்தூளாக இருப்பதால் அதன் வெளிப்பரப்பு மிகுதி. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. ஆவாரம் பட்டையில் தொடங்கி, பின்னர் வாட்டில் பட்டைச் சாறும் கடுக்காயும் கொண்டு தொடர்ந்துவரும், புவிசார் குறியீடு பெற்ற ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) பதனிடும் முறை, தாவரப் பதனிடலைச் சேர்ந்தது. அதன் கழிவில் குரோமியச் சிக்கல் எழுவதில்லை. அதிலுள்ள டானின் என்ற தாவரத் துவர்ப்புப்பொருள், குரோமியத் துகளுடன் கலந்தால் ஆறிணைதிறன் குரோமியம் உருவாவதைத் தடுக்கவும் உதவும். அளவு குறைவு என்பதே குறை.

பூஞ்சையைப் பற்றியும் ஒரு வரி: புரதமும் ஈரமும் சேர்ந்த இடம் பூஞ்சைக்கு விருந்து, கார்த்திகை மாதத்து மூடிய அலமாரியில் அதற்கு நீண்ட நாள் தேவைப்படாது.

பெயரட்டையால் விலகிநிற்கும் கழிவு

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு முரண் வெளிப்படுகிறது. உறிஞ்சலுக்கு மிகப் பொருத்தமான கழிவு தோல் ஆலையில் கிடைக்கிறது. செயற்கைக் காலணி ஆலைகளோ பலவும் தம் பொருளை 'வீகன் லெதர்' (விலங்குப் பொருள் சேராத தோல்) என்று விற்க விரும்புகின்றன. விலங்குப் புரதம் சிறிதளவு கலந்தாலும் அந்தப் பெயரை இட முடியாது. ஆகவே ராணிப்பேட்டையில் ஷேவிங் துகள் மலைபோல் கிடக்க, சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில் வரவிருக்கும் ஆலை, ஈரம் ஏற்காத பாட்டில் பாலியெஸ்டரைத் தேர்ந்தெடுக்கக் கூடும். தொழில்நுட்பத் தடையன்று இது. விற்பனைச் சொல் ஒன்றின் தடை. பாலாற்றுப் படுகையின் மாசு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் தோல் கழிவு தீராச் சுமையாக இருக்கும் மாவட்டங்களில், அரசின் காலணிக் கொள்கை இந்த இரு தொழில்களையும் தனித்தனிக் கட்டங்களாகப் பார்ப்பது சரியன்று என்பது என் கருத்து.

மறுபக்கம், தோல் துகள் கலந்ததை 'அசல் தோல்' என்று விற்பதும் நடக்கிறது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 15987, உலர் எடையில் குறைந்தது 50 சதவீதம் தோல் இழை இருந்தால்தான் பிணைப்புத் தோல் என்ற பெயரையே அனுமதிக்கிறது.

வாங்குபவர் கேட்கவேண்டியவை மூன்று. ஆவிக் கடத்தலுக்கும் உறிஞ்சலுக்கும் தனித்தனிச் சோதனை எண்கள் உள்ளனவா? மறுசுழற்சிப் பொருள் அடித்தளத்தில் இருக்கிறதா, மேற்படலத்தில் இருக்கிறதா? பாலியூரித்தேன் எந்த வகை? சில்லறைக் கடையில் இவற்றுக்கு விடை கிடைக்காது. மொத்தமாக வாங்கும் பள்ளிகளும் சீருடை ஒப்பந்தக்காரர்களும் கேட்டால் கிடைக்கும். துண்டு மாதிரி கையில் இருந்தால் வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம்: வெந்நீர் ஊற்றிய குவளையின் வாயை, உட்புறம் கீழே இருக்குமாறு மாதிரியால் இறுக மூடி, மேலே சற்று இடைவெளிவிட்டுக் கண்ணாடி ஒன்றைப் பிடித்தால், ஆவி கடக்கும் பொருளானால் கண்ணாடி மங்கும். உறிஞ்சலை அறிய, இச்சோதனைக்கு முன்னும் பின்னும் மாதிரியை நகைக்கடைத் தராசு போன்ற நுண்தராசில் நிறுக்க வேண்டும்.

இதே காலணியை நாள்தோறும் அணிபவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பகலில் உறிஞ்சிய ஈரத்தை இரவுக்குள் விடுவித்தால்தான் மறுநாள் உறிஞ்ச இடமிருக்கும். சென்னையின் இரவு ஈரப்பதத்தில் அது முழுமையாக நடக்காது. மின்விசிறிக் காற்றில் வைப்பதும், இரண்டு இணைகளை மாற்றி மாற்றி அணிவதும், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எந்த வாசகத்தையும்விடப் பயன் தரும்.